தாளின் பின்பக்கம்

எங்கள் நிறுவனத்தின் வாசலில் "எந்தக் குழந்தையும் விடுபடாத கல்வி" என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகை தொங்குகிறது. அந்தப் பலகைக்கு அடியில் பதினோரு வருடமாக நுழைந்து, மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, விடுபட்ட குழந்தைகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தவள் நான். அதைக்கூட நானாகக் கண்டுபிடிக்கவில்லை. பென்சிலக்கா முகத்துக்கு நேராகச் சொன்ன பிறகுதான் மண்டையில் உறைத்தது.

எங்கள் தொழில் இதுதான். வருடத்துக்கு ஒருமுறை களப்பணியாளர்கள் ஆரம்பப் பள்ளிகளுக்குப் போவார்கள். ஒவ்வொரு குழந்தையாக மேசைக்கு எதிரே உட்காரவைத்து, பத்து வரி அச்சடித்த அட்டையைக் கையில் கொடுத்து, ஒரு நிமிடம் சத்தமாகப் படிக்கச் சொல்வார்கள். சரியாகப் படித்த சொற்களை எண்ணித் தாளில் எழுதுவார்கள். அந்தத் தாள்கள் கட்டுக் கட்டாக என் மேசைக்கு வரும். பத்து நொடிக்குள் வாயைத் திறக்காத குழந்தைக்கு மட்டும் 99 என்று எழுதி, நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும். 99 என்றால் 'பதில் இல்லை' என்று அர்த்தம். சராசரி போடும்போது கணினி 99களைத் தானாகவே தூக்கி வெளியே போட்டுவிடும். முப்பது பேர் உள்ள வகுப்பில் ஏழு பேர் வாய் திறக்கவில்லை என்றால், அது இருபத்துமூன்று பேர் உள்ள கெட்டிக்கார வகுப்பாகிவிடும். அந்தச் சராசரியைத் தூக்கிக்கொண்டு எங்கள் இயக்குநர் விமானம் ஏறிப் போய், மேடை மேடையாகக் கைதட்டு வாங்கிக்கொண்டு வருவார்.

என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். நிறுவனத்திலேயே வேகமாக ஏற்றுகிறவள் நான்தான். ஒரு நாளைக்கு அறுநூறு தாள். 99 வந்தால் எனக்குக் கொண்டாட்டம். ஒரே விரல், ஒரே பொத்தான், இரண்டு தட்டு, அடுத்த தாள். என் கணினியில் ஒன்பது என்ற எண் மட்டும் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது. அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன், வெட்கம் கெட்டவள்.

பென்சிலக்கா எங்கள் களப்பணியாளர்களிலேயே மூத்தவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தடித்த கண்ணாடி, அதன் ஒரு காலில் நூல் சுற்றியிருக்கும். தாளின் முன்பக்கத்தில் நீல மையில்தான் எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. பின்பக்கத்தைப் பற்றி விதி எதுவும் இல்லை, ஏனென்றால் அங்கே யாராவது எதையாவது எழுதுவார்கள் என்று விதி போட்டவர்களுக்குத் தோன்றவே இல்லை. அக்கா கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகி வைத்திருப்பார். 99 எழுதியதும் தாளைத் திருப்பி, பென்சிலை உருவி, பொடிப் பொடி எழுத்தில் ஏதோ எழுதுவார். மற்றவர்கள் ஒரு நாளைக்கு நாற்பது குழந்தைகளை முடித்தால் இவர் இருபத்தைந்தைத் தாண்டமாட்டார். மாதக் கூட்டத்தில் வேகப் பட்டியலைச் சுவரில் காட்டுவார்கள். கடைசிப் பெயர் யாருடையது என்று பார்க்க யாரும் தலையைக்கூடத் தூக்கமாட்டோம்.

"என்னக்கா, பின்னாடி தொடர்கதை எழுதுறீங்களா?" என்று நான் ஒருமுறை நக்கலாகக் கேட்டேன்.

"படிச்சுப் பாரேன். உனக்குத்தான் எழுதறேன்."

"பின்பக்கத்துக்குக் கம்ப்யூட்டர்ல கட்டமே கிடையாதே."

"கட்டம் இல்லன்னா கண்ணும் கிடையாதா?"

இந்த வாய் இருந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? எனக்கும் பிடிக்கவில்லை. இன்னொரு எரிச்சலும் உண்டு. ஏற்றி முடித்த பழைய தாள்களைக் கழிவுக்குப் போடுமுன் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு போய் என் மகளுக்குப் படம் வரையக் கொடுப்பேன். மற்றவர்களின் தாள்கள் பின்பக்கம் வெள்ளைவெளேர் என்று இருக்கும். இவருடைய தாள்கள் அதற்குக்கூட உதவாது. யாருக்கும் வேண்டாமல் அவை மட்டும் கிடங்கு அறையில் வருடக்கணக்கில் கிடந்தன.

என் மகளுக்கு ஒன்பது வயது. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். சமையலறையிலிருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் அசையமாட்டாள். என் வீட்டுக்காரர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அவரும் மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் 'என்ன?' என்பார். அப்பனை உரித்து வைத்துப் பிறந்திருக்கிறது என்று தலையில் அடித்துக்கொள்வேன். டிவியை அலறவிட்டுக் கிட்டே போய் உட்கார்ந்தால் கொழுப்பு என்று திட்டுவேன். ஒருமுறை, மூன்று தடவை கூப்பிட்டும் வரவில்லை என்று முதுகில் ஒன்று வைத்தேன். அவள் திரும்பி என் முகத்தை அப்படியே பார்த்தாள். எதற்கு அடி என்றே அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பார்வையையும் திமிர் என்றுதான் நினைத்தேன்.

போன வருடம் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. "தங்கள் மகள், தேர்வு எண் 40217, தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் வாசிப்புத் தேர்வில் பதில் அளிக்கவில்லை. எனவே வரும் பருவம் முதல் தனிக் கவனப் பிரிவுக்கு மாற்றப்படுகிறார்." பருவம் தொடங்கப் பதினேழு நாள் இருந்தது.

தனிக் கவனப் பிரிவை நான் பார்த்திருக்கிறேன். நடைபாதையின் கோடியில், உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருக்கிற அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரே ஒரு ஆசிரியை. மணி அடிப்பதும், சுண்ணக்கட்டிப் பெட்டிக்குக் கணக்கு வைப்பதும் அவர்தான். மீதி நேரத்தில் பிள்ளைகளுக்கு நூலில் பாசிமணி கோக்கக் கொடுப்பார். சாயங்காலம் உருவிவிட்டு மறுநாள் அதே மணியை மறுபடி கோக்கச் சொல்வார். அங்கே போன பிள்ளை எதுவும் வகுப்புக்குத் திரும்பியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதற்குப் போய்க் கவனம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

பல்லைக் கடித்துக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனேன்.

"மேடம், என் பொண்ணு நல்லாப் படிப்பா. பிஸ்கட் பாக்கெட்ல இருக்கறதுலேருந்து பஸ்ல ஒட்டின விளம்பரம் வரைக்கும் விடமாட்டா."

"வீட்ல எல்லாப் பிள்ளைங்களும்தாம்மா படிக்கும். தேர்வுல வாயே தெறக்கலியே. நாங்களா சொல்றோம்? ஆராய்ச்சி நிறுவனத்துப் பட்டியல் சொல்லுது."

ஆராய்ச்சி நிறுவனம். அந்தச் சொல்லைக் கேட்டதும்தான் கடிதத்தில் இருந்த எண்ணை மறுபடி பார்த்தேன். ஐந்து இலக்கம், நாலில் தொடங்குவது. எங்கள் தாளின் எண். பாரபட்சம் வரக்கூடாது என்று தாளில் பெயர் போடமாட்டோம், பள்ளியைக்கூட எழுதமாட்டோம், எண் மட்டும்தான். அந்த 99ஐ இரண்டு வருடமும் தட்டியது நான்தான்.

மறுநாள் கிடங்கு அறையைத் தலைகீழாகப் புரட்டினேன். கடிதம் வந்த வருடத்துத் தாள் முதலில் கிடைத்தது. வேறொரு களப்பணியாளர் வைத்த தேர்வு. முன்பக்கம் 99. பின்பக்கம் வெள்ளை. அதற்கு முந்தைய வருடத்துத் தாள் பென்சிலக்காவின் கட்டுக்குள் இருந்தது. அதே 99. ஓரத்தில் ஏற்றியவர் என்ற இடத்தில் என் கிறுக்கல் கையெழுத்து. திருப்பினேன்.

"மஞ்சள் கிளிப், அதில் ஒரு பல் உடைந்தது. நான் தாளைப் பார்த்துப் படித்தபோது தலையைச் சாய்த்து என் முகத்தை எட்டிப் பார்த்தாள். நேரம் முடிந்து 99 போட்ட பிறகு நிமிர்ந்து 'படிம்மா' என்றேன். அட்டை முழுவதும் படித்தாள். பிழை இரண்டு. வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறாள். காது பார்க்கச் சொல்லவும்."

அந்தக் கிளிப்பை வாங்கிக் கொடுத்தவள் நான். பல் உடைந்ததற்குத் திட்டியவளும் நான்.

அக்கா அன்று பயண விவரம் எழுத அலுவலகத்துக்கு வந்திருந்தார். தாளை அவர் முன்னால் வைத்தேன்.

"காது பாக்கச் சொல்லவும்னு எழுதியிருக்கீங்களே அக்கா, யாரச் சொல்றீங்க?"

அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இந்தத் தாள் யாருகிட்ட வருது?"

"என்கிட்ட."

"அப்ப உன்னத்தான்."

"பள்ளிக்கூடத்துல சொல்லியிருக்கலாமே."

"சொல்லாம இருப்பேனா? டீச்சர்கிட்ட சொன்னேன். எழுதிக் குடுங்கன்னாங்க. நாம எழுதிக் குடுக்கக் கூடாதே! ஆய்வு பாக்கும், தலையிடாதுன்னு உங்க சார் போட்ட சட்டம். பட்டியல் போகலாம், பேச்சு போகக் கூடாது. சரி, ஆபீசுக்காவது போகட்டும்னு பின்னாடி எழுதினேன். இங்க ஒரு மகராசி திருப்பிக்கூடப் பாக்கலியே."

"அது என் பொண்ணுக்கா."

அவர் தாளை ஓரமாக நகர்த்தி வைத்தார். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். எனக்கு அந்த அருகதை இல்லை என்று அவர் முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது.

"உன் பொண்ணுன்னு தெரிஞ்சதும் பின்பக்கம் தெரியுது. மத்ததெல்லாம் யாரோ பெத்ததுதானே!" என்றார். "பதினோரு வருசமா விடுபட்டதுங்களைக் கம்ப்யூட்டர்ல ஏத்தறியே, ஒன்னையாவது ஏன் விடுபட்டுதுன்னு கேட்டியா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அழுதேன். அழுது முடிக்கும் வரை தன் பயண விவரத்தை எழுதிக்கொண்டிருந்துவிட்டு, "மொதல்ல காதைப் பாரு" என்றார்.

இந்த அம்மாளுக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் கேட்டேன். இங்கே சேருவதற்கு முன் சட்டைத் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருடம் சோதனை மேசையில் நின்றவராம். தைத்து வருகிற சட்டைகளில் பழுதானதை ஒதுக்குகிற வேலை. ஒதுக்குகிற சட்டையின் உள்பக்கத்தில் ஏன் ஒதுக்கினோம் என்று பென்சிலால் சீட்டெழுதிக் குத்த வேண்டும். பித்தான் தளர்வு, கை நீளம், கறை. காரணம் எழுதாமல் ஒதுக்கினால் மேஸ்திரி சட்டையை மூஞ்சியிலேயே வீசுவாராம். காரணம் தெரிந்தால்தானே பிரித்துத் தைக்கலாம்.

"சட்டைக்குக் காரணம் எழுதினேன். இங்க வந்தா பிள்ளைங்கள ஒதுக்கறாங்க, காரணத்துக்கு எடமே இல்ல. என்னால முடியல, எழுதிட்டேன்" என்றார். தம்பி வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறார். கெட்டுப்போன தக்காளியைத் தூக்கிப் போட்டால்கூட நாத்தனார் விளக்கம் சொல்லிவிட்டுத்தான் போடுவார் என்று தம்பி மனைவி சிரிக்கிறாராம். கல்யாணமும் ஆகி, ஆறே மாதத்தில் முடிந்துவிட்டது. ஏன் என்று நான் இழுத்ததும், "அவரையும் காரணம் எழுதித்தான் அனுப்பினேன், போதுமா?" என்று வாயை அடைத்துவிட்டார்.

காதுப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடிப் பெட்டி மாதிரி ஓர் அறை. என் மகள் தலையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். சத்தம் போகும்போதெல்லாம் வெளியே கருவியில் விளக்கு எரிந்தது, அவள் கை மடியிலேயே கிடந்தது. இரண்டு காதிலும் பாதிக்கு மேல் போயிருக்கிறது, சின்ன வயதில் வந்த காய்ச்சலாக இருக்கலாம் என்றார் பரிசோதகர். அவளாகவே வாயசைவைப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள், புத்திசாலிப் பெண் என்றும் சொன்னார். முதுகில் வைத்த அடி என் கையில் எரிந்தது.

பரிசோதனைச் சீட்டைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியையிடம் ஓடினேன். இனி என்ன, காரணம்தான் தெரிந்துவிட்டதே என்று ஒரு நினைப்பு.

அவர் சீட்டை ஒருமுறைக்கு இருமுறை படித்தார். "அடடா, காதே கேக்காதா! அப்ப தனிப் பிரிவுதாம்மா சரி. சந்தேகமே இல்ல" என்றார்.

காரணத்தைக் கண்டுபிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதையே கதவுக்குத் தாழ்ப்பாளாக்கிவிட்டார். பதினோரு நாள் மிச்சம் இருந்தது.

அக்காவிடம் சொன்னேன். "படிச்சவங்கதான் இவ்வளவு சுலபமா முட்டாளா இருக்க முடியும்" என்றார். பிறகு கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார். "காது கேக்கலன்னு காட்டினா பத்தாது. முகத்தப் பாத்துப் பேசினா இதே வகுப்புல படிப்பான்னு காட்டணும். ஒரு பிள்ளைய வெச்சுச் சொன்னா அம்மாவோட புலம்பல்னு தள்ளிடுவாங்க. நெறையப் பிள்ளைங்களோட போனா?"

அவருக்கு ஆறு வருடப் பின்பக்கங்கள் இருந்தன. எனக்கு விரல்கள் இருந்தன. மதிய இடைவேளை, விடுமுறை நாள் என்று பாராமல் கிடங்கு அறையில் உட்கார்ந்தோம். அவர் தன் கோழிக் கிறுக்கலைப் படித்துச் சொல்வார், நான் ஏற்றுவேன். ஐந்தாவது நாள் எனக்குப் பயம் பிடித்தது. 'வாயைப் பார்த்தது' என்ற கட்டத்தில் எண்ணிக்கை போதுமா என்று தெரியவில்லை. 'ஜன்னலைப் பார்த்தது' என்றிருந்த ஒரு குழந்தையை நைசாக அந்தக் கட்டத்தில் தள்ளினேன். அக்கா திரையைப் பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டார், நான் ஒரு நொடி தயங்கினேன் போலிருக்கிறது.

"எடு அத. அந்தப் பிள்ளைக்கு வெளிச்சம் வேணும், அட்டைய மூக்குகிட்ட வெச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் போச்சு. உன் பொண்ணுக்காக அதோட கண்ணப் புடுங்குவியா?" என்று சீறினார். "அவங்க பிள்ளைங்கள விட்டுட்டு எண்ணை அழகாக்கினாங்க. நீ பிள்ளைங்கள மாத்தி வெச்சு அழகாக்கறே. ரெண்டும் ஒரே பித்தலாட்டம்தான்."

எடுத்துவிட்டேன். எட்டாவது நாள் முடித்தோம். அக்கா ஆறு வருடத்தில் போட்ட 99கள் மொத்தம் 312. அதில் வாயைப் பார்த்த குழந்தைகள் 141. அட்டை கண்ணுக்குத் தெரியாதவர்கள் 63. பயந்து உறைந்துபோனவர்கள் 61. நிஜமாகவே எழுத்துத் தெரியாதவர்கள் 47 பேர் மட்டும்தான். வாயைப் பார்த்தவர்களில் 118 பேருக்கு அவர் விதியை மீறி நிமிர்ந்து மறுபடி சொல்லியிருக்கிறார். 103 பேர் படித்திருக்கிறார்கள்.

இயக்குநர் அறைக்குப் போனோம். குளுகுளுவென்று இருக்கும் அறை. சுவர் முழுக்கக் குழந்தைகள் சிரிக்கிற படங்கள். பட்டியலைப் பார்த்துவிட்டு நாசூக்காகப் புன்னகைத்தார்.

"நல்ல முயற்சிதாம்மா. ஆனா இதெல்லாம் கதை, தரவு இல்ல. களப்பணியாளர் ஆளுக்கொரு விதமாப் பேசினா ஆய்வோட ஒரே மாதிரித்தன்மை போயிடும். அதனாலதான் வழிமுறையத் தாளப் பாத்து அப்படியே படிக்கணும்னு வெச்சிருக்கோம்."

"சார், எல்லாரும் ஒரே மாதிரி தலையக் குனிஞ்சுக்கிட்டாப் பிள்ளைங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்குமா?" என்றார் அக்கா.

"நீங்க விதிய மீறி மறுபடி கேட்டிருக்கீங்க. அது தப்பு."

"தப்புதான். நூத்திப்பதினெட்டு தடவை தப்புப் பண்ணி நூத்திமூணு தடவை பதில் வந்துது. நீங்க ஒரு தடவை வாங்க சார். உங்க கையால, ரூல்படியே ஒரு தேர்வு வைங்க. அப்புறம் நான் வாயே தெறக்கமாட்டேன்."

வாய் திறக்கமாட்டேன் என்றது அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். தேர்வைப் பற்றிப் பதினாறு வருடமாக உலகமெல்லாம் பேசுகிற மனிதர், ஒரு குழந்தைக்குக்கூடத் தேர்வு வைத்ததில்லை என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று உதவியாளரைக் கேட்டுக்கொண்டார்.

என் மகளின் பள்ளியில் வழக்கமாகத் தேர்வு வைக்கிற இடத்திலேயே, நாலாம் வகுப்புக்கு வெளியே நடைபாதையில், மேசை போட்டார்கள். உள்ளே வாய்ப்பாடு சொல்கிற கூச்சல். மேலே கடகடவென்று ஒரு மின்விசிறி. தலைமையாசிரியை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் மகள் வந்து எதிரே உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

இயக்குநர் அட்டையைக் கொடுத்தார். தாளுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, விதிப்படி, ஒரு சொல் பிசகாமல் படித்தார். "இந்த அட்டையில் உள்ளதை முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்கவும். தெரியாத சொல் வந்தால் அடுத்த சொல்லுக்குப் போகவும். இப்போது தொடங்கலாம்."

என் மகள் அவருடைய வழுக்கையைப் பார்த்தாள். தலையைச் சாய்த்தாள். இன்னும் சாய்த்து மேசைக்குக் கீழே குனிந்து அவர் முகத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை. அட்டையைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள். பத்து நொடி. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பத்து நொடியை நான் பார்த்ததில்லை. இப்படிப்பட்ட எத்தனை பத்து நொடிகளை ஒரு நாளைக்கு நான் தட்டித் தள்ளியிருக்கிறேன்!

இயக்குநர் 99 என்று எழுதினார். "பார்த்தீங்களா?" என்றார், எங்களுக்காக வருத்தப்படுகிறவர் மாதிரி.

"பாத்தோம். நீங்கதான் பாக்கல" என்றார் அக்கா. "அதையே இப்ப நிமிர்ந்து, பிள்ளை மொகத்தப் பாத்துச் சொல்லுங்க சார். ஒரு சொல்கூட மாத்த வேணாம்."

அவர் சலித்துக்கொண்டு நிமிர்ந்தார். அதே மூன்று வாக்கியங்களைச் சொன்னார். என் மகள் கண்ணெடுக்காமல் அவர் உதட்டைப் பார்த்தாள். "இப்போது தொடங்கலாம்" முடிந்ததும் தொடங்கிவிட்டாள். அவள் குரல் கொஞ்சம் கட்டையாக, அளவுக்கு மீறிய சத்தமாக இருக்கும். வகுப்புக்குள் வாய்ப்பாடு நின்றுபோனது. பத்து வரியையும் படித்தாள். நிமிடம் முடியவில்லை என்பதால் அட்டையின் அடியில் பொடி எழுத்தில் களப்பணியாளருக்காக அச்சடித்திருந்ததையும் விடவில்லை. "தேர்வு முடிந்ததும் அட்டையைத் திரும்பப் பெறவும்." படித்துவிட்டு, அட்டையை மரியாதையாக இயக்குநரிடம் நீட்டினாள்.

அவர் அட்டையை வாங்கிக்கொண்டே சமாளித்து, "இது ஒரு குழந்தைதானே" என்றார்.

"ஒரு பிள்ளைன்னா கதைன்னு நீங்கதான் சொன்னீங்க. அதான் நூத்திநாப்பத்தொன்னு பேரக் கூட்டிக்கிட்டு வந்தேன்" என்று அக்கா பட்டியலை மேசையில் வைத்தார்.

இயக்குநர் இப்போதுதான் அதை முழுதாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. குழந்தைகளுக்காக வந்த வெளிச்சமோ என்று ஒரு கணம் ஏமாந்தேன். "இதுல ஒரு கட்டுரை இருக்கு" என்று முணுமுணுத்தார்.

தலைமையாசிரியையும் லேசுப்பட்டவரா? இயக்குநர் தலையாட்டுவதைப் பார்த்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் மொதல்லயே நெனச்சேன். இந்தப் பொண்ணு முதல் பெஞ்சுல உக்காரட்டும். டீச்சருங்க போர்டப் பாத்துப் பேசாம பிள்ளைங்களப் பாத்துப் பேசட்டும். தனிப் பிரிவெல்லாம் வேணாம்" என்றார். எப்போது நினைத்தாராம்! நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். வேறு வழி? என் மகள் அங்கேதானே படிக்க வேண்டும்.

இந்த வருடத் தேர்வில் விதிப்புத்தகத்தில் ஒரே ஒரு வரி மாறியது. "வழிமுறையைக் குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்லவும்." ஒரு சல்லிக்காசு செலவில்லை. 99கள் பாதியாகக் குறைந்துவிட்டன. தாளின் பின்பக்கத்தில் 'காரணம்' என்று கட்டம் கட்டி அச்சடித்திருக்கிறார்கள். என் கணினியிலும் அதற்கு இடம் வந்துவிட்டது. இப்போது நான் ஒரு நாளைக்கு முந்நூறு தாள்தான் ஏற்றுகிறேன், வேகப் பட்டியலில் என் பெயரும் கீழே இறங்கிவிட்டது.

இயக்குநரின் கட்டுரை வழவழப்பான தாளில் வெளிவந்தது. பெயர் அவருடையது. கடைசியில் "களப்பணியாளர்களுக்கு நன்றி" என்று ஒரு வரி. அதே வாரத்தில் அக்காவுக்கு, ஆறு வருடம் விதியை மீறி மறுதேர்வு வைத்ததற்கு விளக்கம் கேட்டு ஓலை. அக்கா இரண்டையும் அக்கம்பக்கமாக வைத்துப் படித்தார். பிறகு ஓலையைத் திருப்பிப் பார்த்து, "பின்னாடி காலியாத்தான் இருக்கு. நல்ல தாள்" என்று சொல்லிவிட்டு, அதிலேயே பென்சிலால் விளக்கம் எழுதி அனுப்பிவிட்டார். என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டவில்லை. வேலை போகவில்லை.

நான் ஒருநாள் துணிந்து இயக்குநரைக் கேட்டேன். "சார், மத்த களப்பணியாளர்கள் போட்ட பழைய தொண்ணூத்தொம்போது எல்லாம் இருக்கே. அந்தப் பிள்ளைங்கள்ல எத்தனை பேர் தனிப் பிரிவுல இருக்காங்களோ."

"அது பழைய டேட்டாம்மா" என்றார். பெட்டியை இழுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மகள் தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். காதுக் கருவிக்கு அளவெடுத்திருக்கிறார்கள், இன்னும் வரவில்லை. எப்போதோ நான் கொண்டுவந்து போட்ட பழைய கட்டு அவள் பக்கத்தில் கிடந்தது. தாள் தாளாக வீடு, மரம், பேருந்து, கண்ணாடி போட்டு, கொண்டையில் பென்சில் செருகிய ஓர் அம்மாள். சும்மா ஒன்றை எடுத்துத் திருப்பினேன். முன்பக்கம் ஐந்து இலக்கத்தில் ஓர் எண். தேதி ஐந்து வருடத்துக்கு முந்தையது. 99. ஓரத்தில் என் கையெழுத்து. அடுத்த தாளைத் திருப்பினேன். அதற்கடுத்ததை. காரணம் எழுதியிருக்க வேண்டிய இடத்திலெல்லாம் என் மகள் வரைந்த மரம்.

அவள் எழுந்து வந்து என் தோளில் சாய்ந்துகொண்டு அந்த எண்ணைத் தொட்டாள்.

"இது யாரும்மா?"

"தெரியலடா" என்றேன், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் என் மோவாயைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் நிமிர்த்தினாள். "என்னம்மா சொன்னே?"

அவள் கண் என் உதட்டில் இருந்தது. முகத்தைப் பார்த்து மறுபடி சொன்னேன்.

"தெரியலடா கண்ணு."